சனிக்கிழமை மிச்சம்

ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் கால் வைக்க இடம் இருக்காது. பிள்ளை வரம் கேட்டு, கேட்டது கிடைத்தவர்கள் அன்று கரும்புத் தொட்டில் எடுப்பார்கள். இரண்டு மூன்று கரும்பைச் சேர்த்துக் கட்டி, அதில் சேலையைத் தூளியாகத் தொங்கவிட்டு, பிள்ளையை உள்ளே போட்டு, தகப்பன் ஒரு முனையும் தாய் ஒரு முனையுமாகத் தோளில் வைத்துக் கோயிலைச் சுற்றி வருவார்கள். கொரோனாவுக்கு இரண்டு வருஷம் முந்திய ஆடியில் நானும் பாண்டிச்செல்வியும் போயிருந்தோம். எங்களுக்கு முன்னால் போன ஒரு சின்னப் பொண்ணு முதல் சுற்று முடியுமுன்னே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை பெற்ற உடம்பு இன்னும் தேறவில்லை. புருஷன் கரும்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முழித்தான். கூட ஒரு ஆள் வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் பிடிக்காமல் கட்டிக்கொண்டவர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது.

பாண்டிச்செல்வி கையிலிருந்த பூமாலையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய், கரும்பின் பின்முனையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டாள். மூன்று சுற்று. வெயிலில் கல் கொதித்தது.

எனக்குப் பின்னால் ஒருத்தி, "அங்கன பாரு, தாலி இல்லாத கழுத்து தொட்டில் சுமக்குது," என்றாள். பாண்டிச்செல்வி காதிலும் அது விழுந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை. சுற்றி முடித்துப் பிள்ளையைத் தாயின் மடியில் வைத்தபோது அந்தப் பொண்ணு, "அக்கா, பேரச் சொல்லுங்க," என்று கையைப் பிடித்தாள்.

"பேரு எதுக்குத்தா? பிள்ளைக்குத் தொண்டை காயுது, பாலைக் குடு," என்று சொல்லிவிட்டு வந்து, என் கையிலிருந்து மாலையை வாங்கிக்கொண்டாள்.

அப்போது மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுடைய கருமுட்டை ஒன்பது, ஐஸுக்கும் மேலான குளிரில் உறைந்து இருந்தது. கோயிலில் இருந்த அத்தனை பேரிலும் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

பாண்டிச்செல்வி விஸ்வநத்தத்துக்காரி. அவள் அம்மா வள்ளித்தாயும் நானும் பதினோரு வருஷம் ஒரே பட்டாசு ஆலையில், ஒரே அறையில் வேலை பார்த்தோம். பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் பயராபீஸ் என்றுதான் சொல்வோம். வள்ளியக்கா புருஷன் முத்துக்கருப்பன் கேரளத்துக்கு வேலைக்குப் போனவர், திரும்பவே இல்லை. இரண்டு பொம்பளைப் பிள்ளை. மூத்தவள் பாண்டிச்செல்வி, அவளுக்குப் பத்து வருஷம் இளையவள் செல்வலட்சுமி, எங்களுக்கு லெச்சுமி. மூத்தவளுக்குப் பதினெட்டு முடிந்ததும் அவளும் எங்கள் அறைக்கே வேலைக்கு வந்தாள். என்னைச் சின்னம்மா என்று கூப்பிடுவாள்.

அறைக்கு நாலு பேர், நாலு பக்கமும் வாசல். இரும்பு உள்ளே வரக்கூடாது. காலையில் கலந்த வெடிமருந்து வரும். அதை அன்றைக்கே பட்டாசுக் குழலில் அடைத்து முடித்துவிட வேண்டும். முடியாவிட்டால் இருட்டுவதற்கு முன் மிச்சத்தைக் கொண்டுபோய்க் குழியில் கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கலந்த மருந்து ராத்திரி தங்கக்கூடாது. ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே புழுங்கிச் சூடேறும். மறுநாள் கை பட்டால் போதும். இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் செய்வோம். மிச்சம் என்றால் அன்றைய கூலியில் குறையும். குழி தூரம். மினிபஸ் நிற்காது.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. சனிக்கிழமை. வள்ளியக்கா காய்ச்சலென்று மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் அறையில் நாலாவது ஆள் பிரசவத்துக்குப் போயிருந்தது. நானும் பாண்டிச்செல்வியும்தான். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் டப்பாவில் அரை வாசி மிச்சம். எடுத்துக்கொண்டு குழிக்குப் போகக் கிளம்பினாள். ரோட்டில் மினிபஸ் ஹாரன் அடித்தான்.

நான்தான் சொன்னேன். "ஏத்தா, அதை அங்கன ஓரமா வச்சுச் சாக்கைப் போட்டு மூடிட்டு வா. திங்கக்கிழமை வந்ததும் முதல்ல அதை அடைச்சிருவோம். பஸ்ஸு போயிரும்."

"சரி சின்னம்மா," என்றாள். மூடிவிட்டு ஓடி வந்தாள். பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. அதை நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் மழை.

திங்கட்கிழமை நான் கோயிலுக்குப் போய்விட்டு அரை மணி பிந்தித்தான் கிளம்பினேன். பாண்டிச்செல்வி கேட்டில் தனக்கும் அம்மாவுக்கும் பேர் கொடுக்க நின்றாள். காய்ச்சல் விட்ட வள்ளியக்கா, "நான் போயிக் கூட்டி வைக்கேன்," என்று முன்னால் நடந்திருக்கிறாள். சாக்கை எடுத்தாளோ, விளக்குமாறுதான் பட்டதோ, அம்மனுக்குத்தான் வெளிச்சம். நான் ஊர் எல்லையில் வரும்போது சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தபோது அறை இருந்த இடத்தில் தரைதான் இருந்தது. வள்ளியக்காவின் தூக்குவாளி வேலியோரம் கிடந்தது. மூடி திறக்கவில்லை. உள்ளே சோறு அப்படியே இருந்தது.

விசாரிக்க வந்தவர்கள் உராய்வு என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஊர் என்னைப் பார்த்து, "உன்னைய சாமி காப்பாத்திருச்சு மூக்கம்மா," என்றது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வேறென்ன செய்ய?

அதன் பிறகு பாண்டிச்செல்வி பயராபீஸ் பக்கம் தலை வைக்கவில்லை. திருத்தங்கலில் ஒரு அச்சாபீஸில் காலண்டர் பைண்டிங்குக்குப் போனாள். தாள் எடுத்துக் கொடுக்கிற வேலையில் ஆரம்பித்து, ஒரு பிரிவையே பார்த்துக்கொள்கிற அளவுக்கு வந்தாள். தங்கச்சியைப் பன்னிரண்டு வரை படிக்க வைத்து, வேன் ஓட்டுகிற ராஜபாண்டியனுக்குக் கட்டிக்கொடுத்தாள். இவளுக்கு வந்த மாப்பிள்ளை எல்லாரையும், "தங்கச்சி முடியட்டும்," என்று திருப்பிவிட்டாள். தங்கச்சி முடிந்த பிறகு எவரும் வரவில்லை.

இரண்டு பேரும் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டதே இல்லை.  அவள் என்னைப் பார்க்காமல் ஒரு வாரம் இருக்கமாட்டாள். எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியோடு வந்து நிற்பாள். அவள் முகத்தைப் பார்க்காமலே குடித்து முடிப்பேன்.

முப்பத்து மூன்று வயதில் அவளுக்கு அடிவயிற்றில் வலி வந்தது. மதுரைக்குக் கூட்டிப்போனேன். ஒரு பக்கம் கட்டி, அந்தப் பக்கத்துச் சினைப்பையை எடுக்கணும், மற்றதும் நாள் தாங்காது என்றார் டாக்டரம்மா. "இப்பவே கருமுட்டையை எடுத்து உறைய வெச்சுக்கலாம். பின்னால கல்யாணம் ஆனா உதவும். யோசிங்க," என்றார்.

நான் வாயைப் பிளந்தேன். "கோளி முட்டைய எடுத்து வைக்கிற மாதிரில்ல சொல்றாக," என்று அவள் காதில் சொன்னேன். பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு சொன்னாள்:

"சின்னம்மா, அம்மாவுக்கு ஒரு போட்டோ கிடையாது. ரேசன் கார்டுல இருக்கது மூஞ்சின்னே தெரியல. எனக்கு ஒரு பிள்ளை பொறந்தா அதுல அம்மா மொகம் வரும்ல?"

"லெச்சுமி பிள்ளைக்கும் வரும்த்தா."

"லெச்சுமி அப்பா சாடை. நான்தான் அம்மாவ உரிச்சு வச்சிருக்கேன்னு நீங்கதான சொல்லுவீக."

நான்தான் சொல்வேன். சரி என்றேன். சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அதில் போட்டாள்.

பத்து நாள் ஊசி. அதைக் குளிரில் வைக்கணும். எங்கள் தெருவில் பிரிட்ஜ் இருந்தது பெத்தணன் அண்ணாச்சி கடையில்தான். பால் பாக்கெட்டுக்கும் கலர் சோடாவுக்கும் நடுவில் அந்தப் பெட்டியை வைத்தோம். என்ன ஊசி என்று கேட்டதற்கு நான் சட்டென்று சுகர் என்றுவிட்டேன். அதோடு தெருவே அவளுக்குச் சர்க்கரை வியாதி என்று முடிவு கட்டியது. கடலை மிட்டாய் கேட்டால் பெத்தணன் தரமாட்டார்.

"இந்த வயசுல சுகரா? பாவம்த்தா நீ. ஆனா எங்கையால உனக்கு இனிப்பு விக்கமாட்டேன். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

"ஒரே ஒண்ணு அண்ணாச்சி."

"பாகக்கா வத்தல் இருக்கு. வேணுமா?"

வருஷக்கணக்காக அந்தத் தெருவில் அவளுக்குச் சர்க்கரை இல்லாத காப்பிதான். முகம் சுளிக்காமல் குடித்தாள்.

முட்டை எடுத்த அன்று ஒரு சின்ன வயசு டாக்டர் வந்து, ஒன்பது கிடைத்தது, பத்து வருஷம் வரைக்கும் அப்படியே இருக்கும் என்றார். பாண்டிச்செல்வி படுத்தபடியே கேட்டாள்:

"சூடேறினா என்ன ஆகும் சார்?"

"கெட்டுப்போயிடும். அவ்வளவுதான்."

"வெடிக்காதுல்ல?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எந்த ஊரும்மா? சிவகாசியா?" நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை யாரு பாத்துக்கிருவாக?" என்று கேட்டாள் அவள்.

ஆள் இருப்பார்கள் என்று சொன்னார். அவள் மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை எட்டரை மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவாள். "எல்லாம் சரியா இருக்காம்மா?" அவ்வளவுதான் கேள்வி. போன் எடுக்கிற பிள்ளைக்கு முதலில் எரிச்சல். பிறகு பழகிவிட்டது. "திங்கக்கிழமை அக்காவா? எல்லாம் பத்திரமா இருக்குக்கா," என்று இவள் கேட்குமுன்னே சொல்லிவிடும். எட்டரை மணி எங்களுக்கு என்ன மணி என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும். தூக்குவாளி வேலியோரம் விழுந்த மணி அது.

ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தால் அவள் சாப்பிடமாட்டாள்.

செல்வலட்சுமிக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷமாகப் பிள்ளை இல்லை. அவளுக்குக் கருமுட்டையே ஊறவில்லை என்று சொல்லிவிட்டார்கள். கொரோனா வருவதற்கு முந்திய தை மாதம், அக்கா வீட்டில் ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நானும் இருந்தேன்.

"அக்கா, உன்னோடது அங்கன சும்மாதான கிடக்கு," என்றாள். "உனக்கு முப்பத்தாறு ஆச்சு. நீ இனி எப்பக் கல்யாணம் கட்டி? எனக்குக் குடுத்தா ஒரு உசுராகும்ல?"

"அக்கா தங்கச்சின்னா ஆஸ்பத்திரியில ஆயிரம் கேள்வி கேப்பாக," என்றாள் பாண்டிச்செல்வி.

ராஜபாண்டியன் குனிந்தபடி சொன்னான்: "வேற எடத்துல ஒரு தரகர் இருக்காரு மதினி. பேரை லெச்சுமி பேருலயே எழுதிக்கலாங்காரு. யாருக்கும் தெரியாது. வெளியில யாரோடதையோ வாங்குறதுக்கு நம்ம ரத்தமாவே இருக்கும்ல?"

"பிள்ளைக்கு?"

"பிள்ளைக்கு எப்படித் தெரியும்?"

"அது எம் மொகத்தப் பாக்கும்ல மாப்ள. பெரியம்மான்னு ஓடிவரும். அப்ப நான் எங்கிட்டுப் பாக்க?"

லெச்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. "அம்மா இருந்தா குடுன்னு சொல்லிருப்பாக்கா. அம்மா இருந்தா நான் உங்கிட்ட இப்படி வந்து கையேந்துவேனா?"

அந்தச் சொல்தான். பாண்டிச்செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சொல்லிவிட்டாள். டப்பா, சாக்கு, மழை, எல்லாம். "நான் வச்ச மிச்சம்தான் அம்மாவைக் கொண்டுபோச்சு லெச்சுமி. இதும் நான் எடுத்து வச்ச மிச்சந்தான். அதைப் போயி உன் வயித்துல வைக்கச் சொல்லுதியே. தெரியாம வாங்கிக்கிறாத. தெரிஞ்சபொறவும் வேணும்னா எடுத்துக்க."

அவள் என் பெயரைச் சொல்லவில்லை. "மூடிட்டு வந்துட்டேன்," என்றுதான் சொன்னாள். யார் சொல்லி மூடினாள் என்று சொல்லவில்லை.

நான் பேச வேண்டிய நேரம் அது. வாய் திறக்கவில்லை. கையிலிருந்த காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லெச்சுமி ஒரு சொல் கேட்டாள்: "அம்மாவத் தின்னுட்டுத்தான் எனக்குச் சோறு ஊட்டுனியா?" செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கிப் போனாள். ராஜபாண்டியன் இரண்டு செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனான்.

பிறகு ஊரடங்கு. பஸ் இல்லை, போக்குவரத்து இல்லை. லெச்சுமி போன் எடுக்கவில்லை. மாசக்கணக்காக இவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. எனக்குக் கஞ்சி மட்டும் கொண்டுவருவாள். திங்கட்கிழமை போன் மட்டும் போடுவாள்.

பஸ் ஓட ஆரம்பித்த பிறகு ஒரு நாள் வந்து, "மதுரைக்கு வாறீகளா சின்னம்மா? எழுத்து எழுதிக் குடுத்துட்டேன். வேண்டாம்னு," என்றாள்.

"ஏன்த்தா? ஐஸுல இருக்கது ஒண்ணும் செய்யாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல. கிடந்துட்டுப் போகட்டுமே."

"அம்மா மொகம் வரும்னு நெனச்சேன். லெச்சுமி அன்னிக்கு என்னையப் பாத்தா பாருங்க. அந்தப் பார்வைதான் வரும். வேண்டாம்."

அப்போதும் நான் சொல்லியிருக்கலாம். பாதிப் பாரம் என்னுடையது, நீ ஒருத்தி சுமந்தது போதும் என்று. லெச்சுமி வீட்டுக்கு நடந்தே போய்ச் சொல்லியிருந்தால், அவள் அக்காவின் முகத்தை வேறு மாதிரிப் பார்த்திருப்பாளோ என்னவோ. அந்த ஒன்பதில் ஒன்றாவது இன்று தரையில் தவழ்ந்திருக்குமோ என்னவோ. நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமை சாயங்காலம், இருட்டுமுன்னே முடித்துவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் விளங்காமல் பார்த்தார்கள். "திங்கட்கிழமை பண்ணிக்கலாமே, அவசரம் ஒண்ணுமில்ல," என்றார்கள். "ஞாயித்துக்கிழமை தாண்டக்கூடாதும்மா," என்று கையெடுத்துக் கும்பிட்டாள். சரி என்றார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஐந்தே முக்காலுக்கு ஒரு நர்ஸ் வந்து, "முடிஞ்சதுக்கா. வெளியே எடுத்து வெச்சதும் அதுவாவே அடங்கிடும்," என்றது.

"தண்ணி ஊத்துனீகளா?" என்று கேட்டாள்.

அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஊத்திட்டோம்க்கா," என்றது.

அடுத்த திங்கட்கிழமை எட்டரைக்கு நான் அவள் வீட்டில் இருந்தேன். போனை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். வைத்துவிட்டாள்.

தை பிறந்ததும் கோயம்புத்தூரில் ஒரு அச்சாபீஸுக்கு வேலைக்குப் போனாள். வைகாசியில் இரண்டாவது கொரோனா அலை. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முகம் பார்க்க எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. லெச்சுமி வாசலில் விழுந்து புரண்டு அழுதாள். அப்போதுதான் அவளிடம் சொன்னேன், பஸ்ஸுக்காக மூடச் சொன்னது நான் என்று. அவள் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் பாண்டிச்செல்வி ஒரு வருஷம் சுமந்திருக்கிறாள் என்று அப்போது தெரிந்தது.

இப்போதும் ஆடிக்கு இருக்கன்குடி போகிறேன். ஒவ்வொரு கரும்புத் தொட்டிலாக எட்டிப் பார்க்கிறேன். அதில் எதுவும் வள்ளியக்கா முகமாக இருக்க வழியில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பார்க்கிறேன். நவக்கிரகம் ஒன்பது சுற்று முடிந்த பிறகும் கால் நிற்கமாட்டேன் என்கிறது.

பாண்டிச்செல்வியை நான் கடைசியாகப் பார்த்தது திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பில், கோயம்புத்தூருக்குக் கிளம்பின அன்று காலை. ஒரு பை, ஒரு தூக்குவாளி. பஸ் வரும் முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று ராத்திரி பூராவும் அம்மனிடம் கேட்டுக்கொண்டு வந்திருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"செல்வி, அன்னிக்கு மூடிட்டு வான்னு சொன்னது நாந்தான்த்தா. நீ அதை ஒரு ஆளுகிட்டயும் சொல்லல. லெச்சுமிகிட்டக்கூடச் சொல்லல. நானும் வாயத் தொறக்கல."

அவள் என் கையை விடவில்லை. பஸ் வந்து நின்றது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி என்னைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"நீங்க என்ன சொன்னீகன்னு எங்காதுல விழவே இல்ல சின்னம்மா. மினிபஸ்ஸுக்காரன்தான் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான்ல. நானாத்தான் மூடுனேன். நீங்க வெயில்ல நிக்காம வீட்டுக்குப் போங்க."